ஒரு மூட்டை அரிசிக்கு எத்தனை வாய்க்கால்

காவிரிப் படுகையில் பாரம்பரிய அரிசி விற்கும் சிறு கடைக்கு இன்று ஒரு வாசல் போதவில்லை. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ திருத்துறைப்பூண்டியிலோ பத்துக்குப் பத்து அறையில் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் தூயமல்லியும் அடுக்கி வைத்திருப்பவர், அதே சரக்கை வாட்ஸ்அப்பிலும் கூகுள் மேப்பிலும் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் இணையச் சந்தைகளிலும் காட்டுகிறார். தெருவோடு போகிறவர் வாங்குவதைவிடச் சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் இருப்பவர் வாங்குவது அதிகமாகிவிட்ட கடைகள் உண்டு. இந்த வாசல்களில் எது எதற்கு உதவும், எதை முதலில் திறக்க வேண்டும், எதைத் திறக்காமலே விடலாம் என்பதெல்லாம் இத்தொழிலில் இருப்பவர்கள் கைக்காசு போட்டுக் கற்றவை.

இந்த அரிசிக்குச் சந்தையே இல்லாத காலம் ஒன்று இருந்தது. பசுமைப் புரட்சிக்குப் பிறகு படுகை முழுக்கக் குட்டை ரகங்கள் பரவின. பழைய நெல் சில வயல்களில் மட்டும் ஒண்டிக்கொண்டிருந்தது. அதைத் தேடித் திரட்டியவர்களில் முதன்மையானவர் திருத்துறைப்பூண்டி பக்கம் இருந்து செயல்பட்ட நெல் ஜெயராமன். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் வந்த அவர், 2006இல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாவைத் தொடங்கினார். வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல் இலவசம். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். ஒரு விளம்பரப் பலகை இல்லாமல் விதை ஊர் ஊராகப் போனது. வாங்கியவரே அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும் ஆளானார். 2018 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தபோது 174 பாரம்பரிய ரகங்கள் மீட்கப்பட்டிருந்தன. தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, 2021இல், மரபுசார் நெல் பாதுகாப்பு இயக்கத்துக்கு அவர் பெயரையே வைத்தது. இன்று இணையத்தில் அரிசி விற்பவருக்கு அவர் விட்டுச்சென்ற பாடம் பெரிது: சரக்கை வாங்கியவர் அதை இன்னொருவரிடம் சொல்ல ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் இல்லாவிட்டால் எத்தனை தளத்தில் கடை விரித்தாலும் வியாபாரம் நிலைக்காது.

எந்த வழியில் விற்பது என்பதைச் சரக்கின் தன்மைதான் முடிவு செய்கிறது. தவிடு நீக்காத அரிசியில் எண்ணெய்ச் சத்து தங்கியிருக்கும். அரைத்துச் சில மாதம் வைத்தால் காறல் வாடை வரும். அதற்கு முன்பே வண்டு வந்துவிடும். ஆகவே அனுபவப்பட்டவர்கள் நெல்லாகவே சாக்கில் இருப்பு வைத்து, வந்த ஆர்டரைப் பார்த்து வாரம் ஒருமுறை மில்லுக்கு அனுப்பி அரைக்கிறார்கள். இன்னொன்று, அரிசி மாதாமாதம் தீர்ந்துபோகும் பொருள். ஒருமுறை வாங்கியவர் பிடித்திருந்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை வாங்குவார். தஞ்சாவூர் ஓவியமோ சுவாமிமலை ஐம்பொன் சிலையோ விற்பவரின் கணக்கு வேறு. அதை வாங்குகிறவர் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோதான் வருவார். கண்ணால் பார்த்து மயங்கி வாங்குவார். அவர்களுக்குப் படம் காட்டும் தளங்களும் தேடலில் முன்னால் வருவதும் முக்கியம். அரிசிக் கடைக்கோ பழைய வாடிக்கையாளரை விடாமல் பிடித்திருக்கும் வழிதான் முதல் வழி.

அந்த வழி வாட்ஸ்அப். சிறு வணிகருக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018 தொடக்கத்தில் வந்தது. அடுத்த ஆண்டே அதில் கேட்லாக் வசதியும் சேர்ந்தது. இது கைக்கு வருமுன்பே நெல் திருவிழாக்களிலும் இயற்கை வேளாண் சந்தைகளிலும் கடை போட்டவர்கள் ஒரு நோட்டை நீட்டி, வாங்கியவரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதி வாங்கி வைத்திருந்தார்கள். அந்த நோட்டு வைத்திருந்தவருக்கு முதல் நாளே வியாபாரம் ஓடியது. இல்லாதவர் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார். ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் கடையின் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல் நூற்றுக்கணக்கானோருக்கு அனுப்பிவிட்டுப் பதிலே வரவில்லை என்று சோர்ந்தவர்கள் பலர். ஒவ்வொரு பார்சலுக்குள்ளும் கடையின் பெயரும் எண்ணும் அச்சிட்ட சின்னச் சீட்டு ஒன்றைப் போட்டு, "இந்த எண்ணை உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள், புது அறுவடை வந்ததும் தெரிவிக்கிறோம்" என்று எழுதுவது செலவில்லாத பரிகாரம். செய்தியும் மாதம் இரண்டு போதும். தினமும் காலை வணக்கம் அனுப்பும் கடையை வாடிக்கையாளர் முடக்கிவிடுவார். முடக்கியவர் திரும்ப வருவது அரிது.

இரண்டாவது வழி கூகுள் மேப்பில் கடையைப் பதிவது. இதற்குக் கட்டணம் இல்லை. சனி, ஞாயிறுகளில் பெரிய கோயிலுக்கும் கும்பகோணத்துக் கோயில்களுக்கும் காரில் வருகிறவர்கள் ஊருக்குள் நுழையும்போதே "பாரம்பரிய அரிசி" என்று தேடுகிறார்கள். திறக்கும் நேரம், விடுமுறை நாள், வண்டி நிறுத்த இடம், கடை முகப்பின் படம் ஆகியவை சரியாக இருந்தால் அவர்கள் நேரே வாசலுக்கு வந்துவிடுவார்கள். ரகங்களின் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதி வைப்பது அவசியம், ஏனென்றால் கவுனி என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதித் தேடுகிறார்கள். கருத்து எழுதுகிறவருக்கு, குறை சொன்னவராக இருந்தாலும், இரண்டு வரி பதில் எழுதிவிட வேண்டும். குறையைவிட அந்தப் பதிலைத்தான் அடுத்து வருகிறவர் உற்றுப் படிக்கிறார்.

வீடியோவும் படமும் வேறு வேலை செய்கின்றன. அவை புது முகங்களைக் கூட்டி வரும். இந்தப் பக்கத்து மண்ணிலிருந்து போன வீடியோ எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனல் சாட்சி. 2018இல் தொடங்கி 2021க்குள் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் அது. அதைப் பார்த்துவிட்டு அரிசிக் கடைக்காரர் பெரிய கேமராவும் டிரோனும் வாங்குவது வீண். அவர்களுக்குப் பார்வையாளர் எண்ணிக்கையே வருமானம். அரிசிக் கடைக்கு அரிசி போவதுதான் வருமானம். பத்தாயிரம் பேர் பார்த்த பாட்டு ரீல்ஸ் ஒரு கிலோகூட விற்றுத் தராததும், முந்நூறு பேர் பார்த்த சமையல் வீடியோ இருபது ஆர்டர் கொண்டுவந்ததும் இத்தொழிலில் அடிக்கடி நடப்பவை.

அந்தச் சமையல் வீடியோ எப்படிப் பிறக்கிறது என்பதைக் கும்பகோணத்துப் பக்கம் ஒரு கடையில் நடந்ததை வைத்துச் சொல்லலாம். சென்னையிலிருந்து கருப்புக் கவுனி வாங்கிய ஒரு மூத்த பெண்மணி, இரவு பத்து மணிக்கு ஒரு படம் அனுப்பினார். பாத்திரத்தில் ஊறிய அரிசி. தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில். கீழே ஒரு குரல் செய்தி: "தம்பி, அரிசிக்குச் சாயம் ஏத்தி அனுப்பிட்டீங்களா? நம்பி வாங்குனேன்பா." கடைக்காரர் அந்நேரத்துக்கே எழுந்து, ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கைப்பிடி கவுனி நெல்லைப் போட்டு, உமியைக் கையால் உரித்து, உள்ளே இருந்த கருத்த அரிசியைக் காட்டி, அதை அப்படியே தண்ணீரில் போட்டு நிறம் இறங்குவதைப் பதிவு செய்தார். "அம்மா, இது உமிக்குள்ள இருந்து இப்பதான் வெளியே வந்த அரிசி. இதுக்கு யாரும் சாயம் ஏத்த முடியாது. நாவல்பழத் தோலில் இருக்கற அதே நிறம்தான். ஊறுன தண்ணியைக் கொட்டாம அதுலயே வேகவைங்க." ஒன்றரை நிமிட வீடியோ, வெளிச்சம்கூடச் சரியில்லை. அந்த அம்மா அதைத் தம் உறவுக்காரர் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினார். மறுநாள் அதே பதிவு யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் ஏறியது. அதற்குப் பிறகு அந்தக் கடையில் கவுனி வாங்கும் புதியவர் ஒவ்வொருவருக்கும் பார்சல் போகும் அன்றே அந்த வீடியோவும் போகிறது. சாயப் புகார் நின்றுபோனது.

இந்த ஒரு நிகழ்ச்சியில் பல வழிகளில் பரப்புவதன் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாகப் புதுப் பதிவு தயாரிக்க ஒருவரால் முடியாது. கல்லா, தராசு, மில், பார்சல் என்று ஓடுகிறவருக்கு நாளைக்கு அரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம். வாடிக்கையாளர் கேட்ட ஒரு கேள்வி, அதற்கு நேர்மையான ஒரு பதில். அதையே வாட்ஸ்அப்பில் குரலாக, யூடியூபில் வீடியோவாக, இன்ஸ்டாகிராமில் நாற்பது விநாடித் துண்டாக, மேப்பில் ஒரு படமாகப் போட்டுவிடலாம். மாப்பிள்ளைச் சம்பாவை இரவு முழுக்க ஊறவைக்காமல் குக்கரில் வைத்துவிட்டு "வேகவே இல்லை" என்பார்கள். புது அரிசியை வாங்கிவிட்டுச் "சோறு குழைகிறது" என்பார்கள். பழைய அரிசிக்கும் புது அரிசிக்கும் தண்ணீர் அளவு மாறும் என்பது படுகையில் சிறு பிள்ளைக்கும் தெரியும். நகரத்துச் சமையலறையில் அது மறந்துபோன விஷயம். இந்த மறதியை ஒவ்வொன்றாகத் தீர்த்து வைப்பதே ஆண்டு முழுவதற்கும் போதுமான பதிவுகளைத் தரும்.

பருவமும் கைகொடுக்கும். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேர்வது, ஆடிப்பெருக்கு, சம்பா நாற்றங்கால், நடவு, ஐப்பசி அடைமழையில் வயல் மூழ்குவது, தையில் அறுவடை என வயலில் நடப்பதை நடக்கும் நாளிலேயே காட்டினால் போதும். ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும் மாப்பிள்ளைச் சம்பா ஏன் விலை கூட என்பதை வாடிக்கையாளர் கேட்காமலே புரிந்துகொள்வார். மழையில் பயிர் சாய்ந்த வயலையும் மறைக்காமல் காட்ட வேண்டும். இந்த ஆண்டு இந்த ரகம் குறைவு என்று முன்கூட்டிச் சொன்ன கடையைப் பிறகு விலை ஏறும்போது யாரும் சந்தேகிப்பதில்லை.

பெரிய இணையச் சந்தைகள் பற்றி இத்தொழிலில் இரண்டு கருத்து உண்டு. அங்கே கூட்டம் இருக்கிறது. தெரியாத ஊரிலிருந்தும் ஆர்டர் வரும். ஆனால் கமிஷனும் அனுப்பும் செலவும் போக ஒரு கிலோ பொட்டலத்தில் மிஞ்சுவது சொற்பம். சரக்கை அவர்கள் கிடங்கில் முன்கூட்டி அடுக்கினால் தவிடு நீக்காத அரிசி அங்கேயே வண்டு பிடிக்கும் ஆபத்து. வாங்கியவரின் தொடர்பு எண்ணும் கடைக்கு வாடிக்கையாகக் கைவராது; அடுத்த மாதம் அவர் பக்கத்தில் தெரியும் வேறொரு கடையில் வாங்குவார். ஆகவே அவல், சத்துமாவு, வெள்ளை அரிசியில் சீரகச் சம்பா போல எளிதில் கெடாத, இலேசான, விலை கூடிய பொருளை அங்கே வைப்பதும், மூட்டைக் கணக்கில் போகும் சாப்பாட்டு அரிசியை நேரடி வழியில் விற்பதும் சரியான பிரிவினை. பத்து கிலோவுக்கு மேல் கூரியரைவிட லாரி பார்சல் சர்வீஸ் மலிவு. வாங்குகிறவர் அருகிலுள்ள அலுவலகத்தில் போய் எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மத்திய அரசின் முன்முயற்சியில் வந்த ஓஎன்டிசி என்ற இணைய வணிக வலையமைப்பில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சேர்ந்திருக்கின்றன. தனிக் கடைக்காரர் அத்தகைய நிறுவனம் ஒன்றின் வழியாக அதை முயன்று பார்க்கலாம்.

எந்த வழியில் போனாலும் சட்டம் ஒன்றுதான். பொட்டலத்தின் மேல் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண், நிகர எடை, அதிகபட்ச விலை, பொட்டலமிட்ட மாதம், முகவரி இருக்க வேண்டும். இணையப் பட்டியலிலும், பொட்டலமிட்ட மாதம் தவிர, அவை வேண்டும். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பொட்டலமிட்டு முத்திரை ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்குப் பிறகுதான் தமிழகச் சந்தையில் 26 கிலோ சிப்பம் தலைகாட்டியது. தளங்களில் சிப்பத்தின் எடையைப் பழைய பழக்கத்தில் 25 என்று போட்டுவிட்டு 26 அனுப்பிக் குழம்பியவர்களும் உண்டு. எடை எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு நோய் தீர்க்கும் பேச்சு. கவுனி சாப்பிட்டால் சர்க்கரை நோய் போய்விடும், புற்றுநோய் அண்டாது என்று எழுதினால் பதிவு வேகமாகப் பரவும் என்பது உண்மைதான். ஆனால் உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய 2018ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகள் தடை விதிக்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சர்க்கரை நோயாளி ஒருவர் இந்தப் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பாவம் எழுதியவரைத்தான் சேரும். தவிடு நீக்காத அரிசியில் நார்ச்சத்து கூடுதல், மெதுவாகச் செரிக்கும், அளவாகச் சாப்பிட வேண்டும் என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு, அந்தச் சோறு உண்ட பலத்தில் இளவட்டக்கல்லைத் தூக்கிய மாப்பிள்ளையின் கதை இருக்கிறது. அந்தக் கதையே அழகான விளம்பரம்.

பல வழி என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கை மட்டும் நம்பியிருந்தவர்கள் ஒரே இரவில் தம் பார்வையாளர் அனைவரையும் இழந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் என்று மூன்றில் பரவியவர்கள் பத்திரமாகிவிட்டதாக எண்ணினார்கள். 2021 அக்டோபர் 4, திங்கள்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் மூன்றும் சேர்ந்து நின்றன. ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றன. மூன்றுக்கும் உரிமையாளர் ஒருவரே என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நான்காகப் பிரிந்தாலும் மேலே மேட்டூர் மூடினால் நான்கும் காயும். அதுபோலத்தான் இதுவும். காய்ந்த காலத்துக்கு வயலோரம் சொந்தக் குளம் வேண்டும். அரிசிக் கடைக்கு அந்தக் குளம் வாடிக்கையாளரின் பெயர், ஊர், எண், வாங்கும் ரகம் எழுதிய நோட்டு. அது கணினியிலும் இருக்கலாம், ஒரு படி காகிதத்திலும் இருக்க வேண்டும். சாதாரண எஸ்எம்எஸ், தொலைபேசி அழைப்பு, இயன்றால் சொந்தப் பெயரில் ஓர் எளிய இணையதளம் ஆகியவை எந்த ஒரு நிறுவனத்தின் தயவிலும் இல்லாத வழிகள்.

தண்ணீர் குறைந்த ஆண்டில் எல்லா மதகையும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைமடைக்கு எதுவும் போகாது. அதனால்தான் முறை வைத்துப் பாசனம் செய்கிறார்கள். கடைக்காரரின் நேரமும் அப்படித்தான். ஐந்து தளத்திலும் ஒரே வாரத்தில் கணக்குத் தொடங்கி, ஐந்தையும் அரைகுறையாக விட்டவர்களைவிட, வாட்ஸ்அப்பும் மேப்பும் ஆறு மாதம் ஒழுங்காக ஓடியபின் மூன்றாவதைத் தொட்டவர்கள் நிலைத்திருக்கிறார்கள். பதில் கிடைக்காத பக்கம் பூட்டிய கடையைவிட மோசம். பூட்டிய கடையைப் பார்த்தால் நாளை வரலாம் என்று தோன்றும்.

இருப்புக் கணக்கும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மேலே சொன்ன கும்பகோணத்துக் கடையிலேயே ஒரு பொங்கல் சமயம் அறுபது கிலோ கவுனிதான் மிச்சம். வாட்ஸ்அப்பில் மனைவியும், ஃபேஸ்புக் பக்கத்தில் மகனும், நேரில் கடைக்காரரும் ஆளுக்கு ஆள் ஆர்டர் எடுத்ததில் தொண்ணூறு கிலோவுக்குப் பணம் வந்துவிட்டது. முப்பது கிலோவுக்கு உரியவர்களை ஒவ்வொருவராக அழைத்து, மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பி அனுப்ப இரண்டு நாள் ஆனது. அதற்குப் பிறகு தராசுக்கு மேலே ஒரு கரும்பலகை மாட்டினார்கள். எந்த வழியில் ஆர்டர் வந்தாலும் அந்தப் பலகையில் கிலோவைக் கழித்துவிட்டுத்தான் பணம் வாங்குவது என்பது வீட்டுச் சட்டம். பார்சல் விஷயத்திலும் அதே கடை ஒரு பழக்கம் வைத்திருக்கிறது: கட்டிய மூட்டையைத் தராசில் வைத்து, எடை தெரியும்படி ஒரு படம் எடுத்து வாங்கியவருக்கு அனுப்பிய பிறகே வண்டியில் ஏற்றுவது. வழியில் சாக்கு கிழிந்து அரிசி குறைந்தால் பேச ஆதாரம் இருக்கிறது. வாங்கியவர்களில் சிலர் அந்தப் படத்தையே தம் ஸ்டேட்டஸில் வைத்துக்கொள்கிறார்கள்.

எந்த வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்பதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். புதிதாக அழைக்கும் ஒவ்வொருவரிடமும் "எங்க பார்த்து வந்தீங்க?" என்று கேட்டு, ஆர்டர் நோட்டில் அதற்கென ஒரு கட்டம் போட்டு எழுதினால் போதும். மூன்று மாதம் கழித்து அந்தக் கட்டத்தை எண்ணிப் பார்த்து, ஒருவரையும் கொண்டுவராத தளத்தை மூடிவிடலாம். இப்படி எண்ணிய கடைகளின் நோட்டுகளில் அதிகம் எழுதப்பட்டிருப்பது "தெரிஞ்சவங்க சொன்னாங்க" என்ற பதில்தான்.